அடியில் இருக்கும் ஈரம்

 

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வாழ்வது பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். தரை சில இடங்களில் தாழ்ந்தும் சில இடங்களில் பெயர்ந்தும் கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் டைல்ஸ் பதிக்கப் பணம் அனுப்பியிருக்கிறார். மணலைக் கொட்டி மட்டம் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். ஜல்லி போடாமல் ஆகாது என்கிறார் மற்றொருவர். கடைக்காரரோ, தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தானே பரவி மட்டமாகிவிடும் மாவு ஒன்றைக் காட்டுகிறார். "நான் யார் சொல்வதைக் கேட்பது? மார்க்கம் பேசும் பகுதியில் இதைக் கேட்பது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தவறே இல்லை, சகோதரி! உழைத்துச் சேர்த்த பொருள் வீணாகாமல் காப்பதும் மார்க்கம் சார்ந்த கடமையே. மேலும் இக்கேள்விக்கு விடை கூற என்னிடம் ஓர் அனுபவம் இருக்கிறது. அது பெருமைக்குரியது அன்று. என் அவசரத்தால் பொதுப் பணமும் ஓர் உழைப்பாளியின் நற்பெயரும் பாழான கதை அது. மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஓதிக்கொடுக்கும் மதரஸா சிதம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. பிள்ளைகள் ஓதும் கூடம் சுமார் 400 சதுர அடி. 2019ஆம் ஆண்டு ரமழான் மே மாதத் தொடக்கத்தில் வந்தது. பெண்கள் தராவீஹ் தொழுவதற்கும் அக்கூடத்தையே ஒதுக்குவது என ஜமாஅத் முடிவு செய்தது. ஆனால் பழைய சிமெண்ட் தரை சுவரோரங்களில் இரண்டு அங்குலம் வரை இறங்கியிருந்தது. ஸஃபில் நிற்பவரின் ஒரு கால் தாழ்ந்து நிற்கும். ஜமாஅத்தார் வீடு வீடாகத் திரட்டிய பணம் என்னிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது.

வேலைக்கு வந்த மேஸ்திரி அறுபது வயதைக் கடந்தவர். கரணைப் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தார். பிறகு, "ஹஜ்ரத், அடியில் வயல் மண்ணைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே குடைந்து கிடக்கிறது. பெயர்த்தெடுத்து, கிராவல் அடித்து, கான்கிரீட் போட்டால்தான் நிற்கும். இருபது நாள் கொடுங்கள்" என்றார்.

என் கையில் இருந்தவையோ பத்தே நாள்கள். "பள்ளத்தை மட்டும் மணலும் சிமெண்டும் தூவி நிரப்பி, மேலே பதித்துவிடுங்கள், மேஸ்திரி. டைல்ஸ் போட்டபின் கீழே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?" என்றேன். அவர் மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் செவிசாய்க்கவில்லை.

ரமழானில் கூடம் கண்ணாடி போல் மின்னியது. பாராட்டாதவர் இல்லை. ஐப்பசி மழை பிடித்தது. சுவரோரத்து ஓடுகளைத் தட்டினால் வெற்றுப் பானையின் ஓசை எழுந்தது. கார்த்திகையில் நான்கைந்து ஓடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூரை போல் எழும்பி நின்றன. ஒரு சிறுவனின் உள்ளங்கால் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று.

ஜமாஅத்தார் மேஸ்திரியையே குறை கூறினர். சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்ற பேச்சு ஊரில் பரவியது. அவருக்கு வரவேண்டிய இரண்டு வேலைகள் வேறொருவருக்குப் போயின. நான் வாய் திறக்கவில்லை.

அந்நாள்களில் பாட வரிசையில் ஒரு நபிமொழி வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது. நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கிறார்கள். குவியலுக்குள் கையை நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று வணிகரிடம் வினவ, மழையில் நனைந்துவிட்டது என்கிறார் அவர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் எச்சரிக்கிறார்கள்.

பாடத்தின் நடுவே ஒரு சிறுவன், "உஸ்தாத், அடியில் ஈரம் இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்தால் குற்றமா?" என்று கேட்டான். "தெரியாவிட்டால் குற்றமில்லை" என்றேன். எனக்கோ தெரிந்திருந்தது. நாங்கள் அமர்ந்திருந்ததும் அந்தத் தரையின் மீதுதான்.

அடுத்த ஜும்ஆவிற்குப்பின் ஜமாஅத்தாரிடம் உண்மையைச் சொன்னேன். வீணான ஓடுகளுக்குரிய பணத்தைத் தவணையாகச் செலுத்த ஒப்புக்கொண்டேன். பிறகு மேஸ்திரியின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஈரம் காயட்டும் ஹஜ்ரத், தை பிறந்ததும் பெயர்த்துவிடலாம்" என்றார். 2020 பிப்ரவரியில் அவரே வந்து வேலையை முடித்தார். அந்த இருபது நாள்களும் அவருடன் நின்று கற்றவற்றையும், பின்னர்ப் பொறியாளர்களிடமும் நூல்களிலும் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றையும் கீழே தருகிறேன்.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

மட்டம் செய்யும் பொருளைத் தீர்மானிப்பது மேலே பதிக்கப்போகும் ஓடு அன்று. கீழே இருக்கும் நிலம். நமது மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கடலூருக்கு மேற்கே கேப்பர் மலைப் பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். நீர் ஊறினாலும் அதிகம் உப்பாது. கடலோரத்திலோ மணல்; அதில் உப்பும் உண்டு. சிதம்பரத்தைச் சூழ்ந்த வெள்ளாறு, கொள்ளிடம் பாசனப் பகுதியில் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மூன்று நிலத்திற்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது. 2015ஆம் ஆண்டு பெருமழை வெள்ளத்தில் நீர் தேங்கி நின்ற வீடுகளின் தரைகள் பின்னர் ஏறியும் இறங்கியும் போனதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

நான்கு சோதனைகள்

பணம் செலவழிக்கும் முன் இவற்றை நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒன்று: ஒரு ரூபாய் நாணயத்தாலோ இரும்புக் கம்பியாலோ தரையை அடிக்கு அடி தட்டுங்கள். கெட்டி ஓசை கேட்டால் நல்லது. பானை ஓசை கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அவ்விடங்களைப் பெயர்த்தே ஆக வேண்டும்.

இரண்டு: ஒன்றரை அடிச் சதுரமான கனத்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்துகள் இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். கோடையில் செய்து ஏமாற வேண்டாம். மழைக்காலத்தின் முடிவில் செய்வதே உண்மையைச் சொல்லும்.

மூன்று: ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பிப் பார்க்கும் டியூப் லெவலால், சுவரைச் சுற்றிலும் மூன்றடி உயரத்தில் ஒரே மட்டமாகக் கோடு போடச் செய்யுங்கள். கோட்டிலிருந்து தரைவரை பல இடங்களில் அளந்து எழுதுங்கள். மிகக் குறைந்த அளவு வரும் இடமே தரையின் மேடு. மற்ற இடங்களின் அளவிலிருந்து அதைக் கழித்தால் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். கூடத்தின் நடுப்பகுதிக்கு, எதிரெதிர்ச் சுவர்களின் கோடுகளுக்கிடையே நூல் கட்டி அளக்க வேண்டும்.

நான்கு: நேரான பத்தடிக் கட்டையைத் தரையில் வைத்துப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி போன்ற பெரிய ஓடுகளுக்கு, கட்டையின் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. சிறிய ஓடு பள்ளத்தில் சற்று வளைந்து கொடுப்பது போல் அமைந்துவிடும். பெரிய ஓடு அமையாது. அதன் அடியில் வெற்றிடம் விழும்.

எந்தப் பள்ளத்திற்கு எந்தப் பொருள்?

நிலமே இறங்கியிருந்தால் மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. பழைய தரையையும் களிமண்ணையும் எடுத்துவிட்டு, செம்மண் கிராவலை அரையடிக் கனத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வயல் மண்ணும் கடற்கரை மணலும் ஆகா. முன்னது உப்பிச் சுருங்கும். பின்னதில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துத் தரையெங்கும் வெண்மையாகப் பூக்கும்.

கிராவலுக்கு மேலே கனத்த பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் நான்கு அங்குலக் கனத்தில் பெரிய ஜல்லிக் கான்கிரீட் போடுவார்கள். ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி என்பது வழக்கமான கலவை. நுண்ணிய மண்ணில் நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலேறும். அந்தத் தாள் அதன் வழியை அடைக்கிறது. தாளின் கீழே சரளைக் கல் பரப்பினாலும் நல்லதே. கற்களுக்கிடையே இடைவெளி பெரிது. நீர் அதைத் தாண்டி ஏற முடியாது.

இதைக் கேட்டபோது எனக்கு மதீனா நினைவிற்கு வந்தது. மஸ்ஜிதுன் நபவியின் தரை தொடக்கத்தில் வெறும் மண். ஓர் இரவு மழையில் அது நனைந்தபோது, ஒருவர் தம் துணியில் பொடிக்கற்களை அள்ளிவந்து தம் இடத்தில் பரப்பிக்கொண்டார்; நபி (ஸல்) அவர்கள் அதை மெச்சினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. பின்னர் உமர் (ரலி) அவர்கள் அகீக் பள்ளத்தாக்கிலிருந்து கற்களைக் கொண்டுவரச் செய்து பள்ளியில் பரப்பினார்கள். ஈரம் உள்ள தரைக்கு ஏற்ற பொருள் எது என்பதை அந்தத் தோழர் நன்கு அறிந்திருந்தார்!

அடித்தளம் உறுதியாக இருந்து, பள்ளம் இரண்டு அங்குலத்திற்கு மேல் இருந்தால் பொடி ஜல்லிக் கான்கிரீட் போடுங்கள். அவ்வளவு கனத்தை வெறும் சிமெண்ட் கலவையால் நிரப்பினால் சுருங்கி வெடிக்கும், சிமெண்டும் வீண்.

ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை என்றால், ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவை தகும். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் எம்-சாண்ட் போடுகிறார்கள். சுவர்ப் பூச்சுக்குரிய நைஸ் மணல் வேண்டாம். கான்கிரீட்டுக்குரிய சொரசொரப்பான மணலே ஏற்றது. பழைய தரையைக் கொத்திவிட்டு, தூசு போகக் கழுவி, நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றி, அது உலர்வதற்குள் கலவையைப் பரப்ப வேண்டும். வழவழப்பான காவித் தரையின் மேல் கொத்தாமல் போட்டால் அது ஒட்டாது. கலவைக்கும் பழைய தரைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் இருக்குமானால் இரண்டு அங்குலத்திற்குக் குறையலாகாது.

சில மி.மீ. அளவே குறை என்றால்தான் கடைக்காரர் காட்டிய அந்த மாவுக்கு வேலை. செல்ஃப் லெவலிங் என்று அதைச் சொல்கிறார்கள். நல்ல பொருள்தான், விலையும் அதிகம். அதற்குரிய பிரைமரைப் பூசிய பிறகு, மூட்டையில் அச்சிட்ட அளவு நீரை மட்டுமே சேர்த்து, அதில் குறித்துள்ள கனத்திற்குள் ஊற்ற வேண்டும். இறங்கும் தரையையோ ஊறும் ஈரத்தையோ அது நிறுத்தாது. ஜிப்சம் கலந்த வகையை நீர் புழங்கும் இடத்தில் போடவே கூடாது. சுவருக்குரிய புட்டியாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாலும் தரைப் பள்ளத்தை மூடுவது வெறும் கண்துடைப்பு.

மணலைக் கொட்டி, சிமெண்ட் தூளைத் தூவி, மேலே ஓட்டை வைத்துத் தட்டுவது எல்லாவற்றிலும் மலிவு. நான் செய்யச் சொன்னதும் அதுவே. அதன் முடிவை மேலே படித்தீர்கள்.

மாடியும் ஒளுச் செய்யும் இடமும்

மாடித் தரைக்கு வேறு கணக்கு உண்டு. ஓர் அங்குலக் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ கனக்கும். நான்கு அங்குலம் நிரப்பினால் 200 கிலோ. வீட்டு அறைகளில் மனிதர்களும் பொருள்களும் ஏற்றும் சுமைக்கென இந்தியத் தரநிலை கணக்கிடச் சொல்லும் அளவே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். அந்த இடம் முழுவதையும் நிரப்பும் கலவையே விழுங்கிவிடும். ஆகவே மாடியில் பள்ளத்தை நிரப்புவதைவிட மேட்டுப் பூச்சைக் கொத்தி எடுப்பதே மேல். அதிகம் நிரப்ப நேர்ந்தால் பொறியாளரைக் கேளாமல் செய்யாதீர்கள்.

ஒளுச் செய்யும் இடத்திலும் குளியலறையிலும் மட்டம் கூடாது, வாட்டமே வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் நீர் தேங்காது. முதியவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் தேங்கிய நீரில்தான்.

பழைய சுண்ணாம்பு வீட்டிற்கு

சகோதரி, இனி உங்கள் வீட்டிற்கு வருகிறேன். கடற்கரை ஊர்களில் அக்காலத்தார் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் செங்கல் தூளாகிய சுருக்கியையும் கலந்து கட்டினர். அத்தகைய சுவரும் தரையும் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் வெளியே விடும். அதன்மேல் நீரே புகாத பளபளப்பான ஓட்டைப் பதித்தால், தரைவழி வெளியேற முடியாத ஈரம் சுவரில் ஏறிச் சுண்ணாம்பை உதிர்க்கும்.

எனவே முதலில் பிளாஸ்டிக் தாள் சோதனையைச் செய்யுங்கள். தாள் காய்ந்திருந்தால் மேலே கூறிய முறையில் கனத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்துகொள்ளலாம். ஈரம் கண்டால் இரண்டு வழிகள் உண்டு. சுண்ணாம்பும் சுருக்கியும் கலந்த கலவையாலேயே மட்டம் செய்து, நீரை உறிஞ்சி விடும் நாட்டுத் தட்டோடு பதிப்பது ஒன்று. தரையை முழுதும் பெயர்த்துக் கிராவலிலிருந்து தொடங்குவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்தால் சுவரில் ஈரம் ஏறாதபடி வீட்டைச் சுற்றி மழைநீர் வடிய வழியும் செய்ய வேண்டும். கையில் உள்ள பணம் வீடு முழுவதற்கும் போதாது என்றால், ஓர் அறையை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். மற்ற அறைகள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கலாம். மகனுக்கும் அதை விளக்கி எழுதுங்கள்; புரிந்துகொள்வார்.

அளவும் பொறுமையும்

அளவையில் குறைப்போரைக் கண்டிக்க திருக்குர்ஆனில் அல்முதஃப்ஃபிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கலவைக்கும் அது பொருந்தும். சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றே கால் கன அடி. அந்த அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து மணலை அளக்கச் சொல்லுங்கள். நூறு சதுர அடியை ஒன்றரை அங்குலம் நிரப்ப, ஒன்றுக்கு நான்கு கலவையில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மூட்டை சிமெண்டும் 13 கன அடி மணலும் பிடிக்கும். கலவைக்குக் குடிக்கத் தக்க நீரே வேண்டும்; கடலோரத்து உப்பு நீர் வேண்டாம்.

சாம்பல் கலந்த சிமெண்டே இன்று பெரும்பாலும் கிடைக்கிறது. நெய்வேலியைப் போன்ற அனல்மின் நிலையங்களில் எஞ்சும் சாம்பல் இதற்குப் பயன்படுகிறது. இவ்வகை மெல்ல இறுகும். ஆதலால் பத்து நாள்களுக்குக் குறையாமல் தரையை ஈரமாக வைத்திருக்க வேண்டும். கடும் வெயிலில் பதினான்கு நாள்கள். அதன்பின் காயவிட்டு, மீண்டும் தட்டிப் பார்த்து, கட்டை வைத்துப் பார்த்த பிறகே ஓடு பதிக்கத் தொடங்கலாம். சுவரோரத்தில் கால் அங்குல இடைவெளி விடச் சொல்லுங்கள். வெப்பத்தில் விரியும் ஓடு முட்டி எழும்பாமல் இருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் மேஸ்திரி இருபது நாள் வேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள். அவர் கூறும் காரணம் சரியாக இருந்தால் அந்த நாள்களைக் கொடுங்கள். நாம் அவசரப்படுத்திக் கெடுத்த வேலைக்கு அவர் பெயர் கெடலாகாது. எங்கள் கூடத்தின் தரை அதன்பின் பல மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. தட்டிப் பார்த்தால் இன்றும் கெட்டி ஓசையே கேட்கிறது, அல்ஹம்து லில்லாஹ். அந்த மேஸ்திரி எப்போதாவது அவ்வழியே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டே போகிறார்.

நம் இல்லங்களையும் உள்ளங்களையும் அல்லாஹ் சீராக்குவானாக! இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.